தம்பி இன்னும் சொல்லேல்லை

ஜேர்மனியிலை, எசன் நகரத்திலை, பிளோறன்ஸ் அக்காவின்ரை குசினிக்குள்ளை ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அது கதைக்கும். அதுவும் அவவின்ரை மகன் நிலக்ஷன்ரை குரலிலை.

"அம்மா, குளிசை போடுங்கோ."

"ஓம் ராசா, போடுறன்" எண்டு அவ பெட்டிக்குப் பதில் சொல்லுவா. ஒருநாள் அதுக்கு முன்னாலை பிளேன்ரீ கூட வைச்சிருந்தாவாம். மேல்மாடிக் கலாதேவி சொல்லுறதிலை அரைவாசியைத் தள்ளினாலும், பதில் சொன்னது மெய்தான்.

நிலக்ஷனுக்குப் பிராங்பேர்ட்டிலை கொம்பியூட்டர் வேலை. கலியாணம் ஏன் ஆகேல்லை எண்டு கலாதேவியைக் கேட்டால் விடிய விடியச் சொல்லுவா, அதை விடுவம். தாய்க்கு நெஞ்சு ஒழுங்காத் துடிக்காத வருத்தம். ரத்தம் கட்டாமலிருக்க ஒரு குளிசை. ஒருநாளும் விடக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். மனிசிக்கு மறதி வேறை. ஒருக்கால் ரெண்டுதரம் போட்டுப் பயந்தும்போனா. அதுக்குப் பிறகு பின்னேரத்திலை மகன் போன் எடுத்துச் சொன்னால்தான் போடுறது.

வேலையிலை கூட்டம் கூடக்கூட, போன் எடுக்க நேரமில்லாமல் போச்சுது. அப்பத்தான் அவன் தன்ரை குரலைப் பதிஞ்சு இந்தப் பெட்டியைச் செய்தான். புரோகிராம் 'சி' எண்ட கொம்பியூட்டர் மொழியிலை. "இவ்வளவு செக்கன் கழிச்சு என்னைத் தட்டு" எண்டு புரோகிராம் சொல்லிவைக்கும். நேரம் வந்தால் ஒரு சிக்னல் வந்து தட்டும், பெட்டி வாயைத் திறக்கும். அந்தக் கட்டளைக்குப் பேரே அலாரம்தான். பெட்டி கதைக்கத் தொடங்க, பின்னேரப் போன் நிண்டுபோச்சு.

ஒக்டோபர் வந்தது, கத்தோலிக்கச் சனத்துக்குச் செபமாலை மாதம். அவன் வீட்டை வந்து நிக்கேக்கை தாய் கேட்டா:

"தம்பி, செபமாலைக்கும் கூப்பிடச் சொல்லி அதிலை போட்டுவிடன்."

"பெட்டியையும் வேதத்துக்குக் கொண்டு வாறியளோ அம்மா?"

"உன்னை மாதிரி இல்லை, அது சொல்வழி கேக்கும்."

சிரிச்சுக்கொண்டு பழைய அலாரத்துக்குக் கீழை இன்னொரு அலாரம் எழுதினான். ரயிலுக்கு நேரமாச்சு. ஒருக்கால் ஓட்டிப் பாத்தான். "அம்மா, செபமாலை" எண்டு பெட்டி கூப்பிட்டது. ஜக்கெற்றைக் கொழுவிக்கொண்டு போயிட்டான்.

ஒரு புரோகிராமுக்கு ஒரு அலாரம்தான். ரெண்டாவதை வைச்சால் முதல் வைச்சது சத்தமில்லாமல் அழிஞ்சுபோகும். அவன் படிச்ச விசயந்தான். ரயில் அவசரத்திலை நினைவு வரேல்லை.

அந்தக் கிழமை முழுக்கப் பெட்டி செபமாலைக்குக் கூப்பிட்டது. குளிசையைப் பற்றி மூச்சும் விடேல்லை. கலாதேவி கருவேப்பிலை வாங்க வந்தவ, மேசையிலை குளிசையைக் கண்டு கேட்டா:

"என்னக்கா, இண்டைக்குப் போடேல்லையோ?"

"தம்பி இன்னும் சொல்லேல்லை."

"தம்பியெங்கை இஞ்சை? அது பெட்டியக்கா!"

"பெட்டியெண்டாலும் அவன்ரை குரலல்லோ. போட்டதை மறந்து திருப்பிப் போட்டனெண்டால்?"

கலாதேவி கருவேப்பிலையோடை மேலை ஏறிப்போயிட்டா. ஊர்ச்சனத்தின்ரை வண்டவாளமெல்லாம் சொல்லுற மனிசி, இதை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கடைசியிலை நிலக்ஷனுக்குத்தான், அதுவும் விக்கி விக்கி அழுதுகொண்டு.

சனிக்கிழமை பிளோறன்ஸ் அக்கா குசினிக்குள்ளை விழுந்து கிடந்தா, கையிலை செபமாலை. வலப்பக்கம் இழுத்துப்போட்டுது. பேச்சும் போச்சு.

ஆசுப்பத்திரி வாசலிலை இருந்துதான் நிலக்ஷன் புரோகிராமைத் திறந்து பாத்தான். ரெண்டு அலாரமும் ஒண்டுக்குக் கீழை ஒண்டு. பழையதை அழிக்கேக்கை, "அதுக்கு இன்னும் இவ்வளவு நேரம் மிச்சம் இருந்தது" எண்டு அந்தக் கட்டளை ஒரு இலக்கத்தைத் திருப்பித் தரும். அதை வாங்கிப் பாத்திருந்தால் பிழை அப்பவே தெரிஞ்சிருக்கும். அவன் வாங்கேல்லை.

உள்ளுக்கை தாதி அன்னா குளிசையை இடிச்சுப் புடிங்கிலை குழைச்சுக்கொண்டு வந்து நிக்கிறா. தாய் வாயைத் திறக்கிறா இல்லை. கரண்டியைக் கிட்டக் கொண்டுபோக, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மகனையே பாக்கிறா. கோவமாக்கும் எண்டு அவன் தலையைக் குனிஞ்சான். பிறகுதான் விளங்கிச்சு.

தொண்டையைச் செருமிக்கொண்டு, பெட்டியிலை சொன்ன அதே மாதிரிச் சொன்னான்:

"அம்மா, குளிசை போடுங்கோ."

தாய் வாயைத் திறந்தா.

அடுத்தநாள் குளிசை நேரத்துக்கு அவனுக்கு வேலையிலையிருந்து போன். கதைக்க வெளியிலை போனவன், முடிச்சுக்கொண்டு ஓடிவாறான். புடிங் வைச்சபடி கிடக்குது. தாய் கதவையே பாத்துக்கொண்டு கிடக்கிறா.