யார் போட்ட முடிச்சு?

வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்டோரக்காவின் கண் சமையலறை அலமாரிக்குப் போய்விடும். வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டி ஒரு பார்வை. அதற்கப்புறம்தான் செருப்பு. இரண்டையும் சுவரோரமாக, முனை வெளியே பார்க்க வைப்பார். சாவியைக் கதவோரத்து ஆணியில் மாட்டுவார். ஆணிக்குக் கீழே 'சாவி' என்று சீட்டு ஒட்டியிருக்கும். அடுத்த ஆணி குடைக்கு. அது காலியாக இருந்துவிட்டால் போச்சு. "குடையை யாரு எடுத்தா?" என்கிற கேள்விக்குப் பதில் வரும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கு அவர் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாக நட்டு, போல்ட், பேரிங், விளக்கு எல்லாம் அவர் கையெழுத்தில்லாமல் வெளியே போனதில்லை. மெக்கானிக்குகள் வைத்த பெயர்தான் ஸ்டோரக்கா. வீட்டுத் தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. தன் நிழல் கூட வந்தாலும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிற ரகம். "பொருள் தானா நடக்காதுப்பா. கால் முளைச்சுதுன்னா, அது யாரு காலுன்னு பாரு" என்பார்.

அவருடைய வீட்டு ஒழுங்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போனவர்கள் உண்டு. தினம் வேண்டியது இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில். கனமானது கீழே. வருஷத்துக்கு ஒரு தடவை தொடுவது மேல் தட்டில். பழசு முன்னால், புதுசு பின்னால். காகிதங்களுக்கு மூன்று உறை: 'செய்ய வேண்டியது', 'செய்தது', 'சண்டை போட வேண்டியது'. மூன்றாவதுதான் எப்போதும் தடியாக இருக்கும். புதிதாக ஒரு சாமான் உள்ளே வந்தால் பழைய சாமான் ஒன்று வெளியே போக வேண்டும். நாத்தனார் ஒரு முறை பூச்சாடி ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தபோது, எதை வெளியே அனுப்பலாம் என்று அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் நாத்தனாரையே பார்த்தாராம். அந்த அம்மாள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பென்சில் வேலை. அலமாரித் தட்டில் வெள்ளைத்தாள் விரித்து, ஒவ்வொரு டப்பாவையும் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார். டப்பா வட்டத்துக்குள் இருந்தால் சரி. அரை விரல் நகர்ந்திருந்தாலும் யாரோ தொட்டிருக்கிறார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் டப்பாக்கள் நகர ஆரம்பித்தன.

முதலில் உப்பு. வட்டத்தை விட்டுத் தட்டின் இடது மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. அக்கா திருப்பி வைத்தார். மறுநாள் மறுபடி மூலை. அடுத்த வாரம் சர்க்கரை உப்புக்குப் பக்கத்தில் வந்தது, தேயிலை சர்க்கரைக்குப் பக்கத்தில் வந்தது. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் உப்பு டப்பாவின் கழுத்தில் ஒரு கறுப்பு நூல். அதில் ஒரு முடிச்சு. சர்க்கரை டப்பாவில் இரண்டு. தேயிலையில் மூன்று.

வேறு யாராவது என்றால் 'இதென்ன கூத்து' என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். கிடங்கில் இருப்பவரால் அப்படிப் போக முடியாது. கிடங்குத் திருடன் நேரே வந்து எடுக்க மாட்டான். பகலில் ஒருவன் எடுக்க வேண்டிய பெட்டிக்கு ஒரு கம்பியோ கயிறோ கட்டி அடையாளம் வைப்பான். அடுத்த ஷிப்டில் வருகிற கூட்டாளி, கட்டின பெட்டியை மட்டும் தூக்குவான். இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டு கோஷ்டியை அக்கா இப்படித்தான் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

வீட்டில் புழங்குவது மூன்றே பேர். ஒருவர் அக்கா. இன்னொருவர் அவருடைய வீட்டுக்காரர், தையல்காரர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் கடை போட்டிருந்தார். ஆறு மாதத்துக்கு முன் கழுத்துவலி என்று கடையை மூடிவிட்டு, ரேடியோவும் ஜன்னலோர நாற்காலியுமாக உட்கார்ந்துவிட்டார். பதினோரு மணிக்குத் தானே ஒரு டீ போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். அவரைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்க அக்காவுக்கு மனசு வரவில்லை. பாசத்தால் அல்ல. "குடிச்ச டம்ளரை எங்க வெச்சோம்னே தெரியாது அந்த மனுஷனுக்கு. டப்பாவை வரிசையா அடுக்கற அளவுக்கு அவருக்கு ஏது பொறுப்பு?" என்று பணிமனையில் சொன்னார்.

மிச்சம் ஒருத்தி. பாத்திரம் துலக்கி வீடு பெருக்க வருகிறவள். கடிகாரம் பார்த்து ஒன்பதுக்கு வருவதால் அக்கா அவளுக்கு வைத்த பெயர் 'ஒன்பது மணி'. ஐந்து வருஷமாக வருகிறாள்.

"இந்த நூலை யாரு கட்டினது?"

ஒன்பது மணி வாணலியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "தெரியாதுக்கா."

"தெரியாதவங்க மூஞ்சியப் பாத்துத் தெரியாதுன்னு சொல்லுவாங்க."

கூடத்திலிருந்து தையல்காரர் குரல் கொடுத்தார். "விடேன். ஒரு நூலுக்குப் போயி..."

"நீங்க சும்மா இருங்க. இன்னிக்கு நூலு, நாளைக்குப் பீரோ!"

அக்கா கத்தரிக்கோலை எடுத்து மூன்று நூலையும் வெட்டினார். டப்பாக்களை வட்டத்துக்குள் வைத்தார். மறுநாள் சாயங்காலம் மூன்று டப்பாவும் மூலையில் நின்றன, முடிச்சோடு. அக்கா வெட்டினார். மறுபடி முடிச்சு. பத்து நாள் இந்தப் போர் நடந்தது. வெட்டிய நூல்களை ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்தார். நடுவில் ஒரு நாள் நூலை விரலால் உருட்டிப் பார்த்தவர் அப்படியே கொதித்துப் போனார்.

"பாத்தீங்களா! இது உங்க தையல் பெட்டி நூலு. பட்டன் கட்டற நூலு. நம்ம நூலை எடுத்தே நம்ம டப்பாவுக்கு அடையாளம் வெக்கிறா! என்ன நெஞ்சழுத்தம்!"

தையல்காரர் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

தெருவில் அக்கா நான்கு வீட்டில் சொல்லி வைத்தார், உங்கள் வீட்டுச் சாமானைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. வியாழக்கிழமை ஒன்பது மணியைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"அக்கா, திருடின்னு பேரு வாங்கிட்டா இந்தத் தெருவுல எனக்கு ஒரு வீடு கிடைக்காதுக்கா."

"அதை நூல் கட்டறப்போ யோசிச்சிருக்கணும்."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் பார்த்தாள். யாரோ ஏதோ சொல்லப் போகிறார்கள் என்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றாள். கூடத்தில் ரேடியோதான் பேசிக்கொண்டிருந்தது. அவள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா கடைசியாக ஒரு முறை நூல்களை வெட்டிவிட்டு, பீடை ஒழிந்தது என்று நிம்மதியாக வேலைக்குப் போனார். சாயங்காலம் வாசலிலிருந்து கழுத்தை நீட்டினார். உப்பு, ஒன்று. சர்க்கரை, இரண்டு. தேயிலை, மூன்று.

ஆள் வரவில்லை, முடிச்சு வந்திருக்கிறது. அப்படியானால் சாவிக்கு நகல் எடுத்திருக்கிறாள்! அக்காவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வீட்டில் மனுஷன் உட்கார்ந்திருக்கும்போதே ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு வந்து போகிறாள், இவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டால் "யாரும் வரலையே" என்கிறார்.

சனிக்கிழமை காலையில் வழக்கம்போல முடிச்சுகளை வெட்டினார். "போயிட்டு வரேங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தெருமுனைவரை போய், பணிமனைக்கு போன் செய்து அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பின்பக்கமாக வந்து சமையலறைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே நின்றுகொண்டார். கையும் களவுமாகப் பிடித்தால்தான் தெருவுக்கும் புரியும். ஒன்பதரையானது, பத்தானது. கால் கடுத்தது. பதினோரு மணிக்குக் காலடிச் சத்தம் கேட்டது.

வந்தது தையல்காரர்.

இடது கை சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. வாசற்படியில் நின்று காலால் விளிம்பைத் தேடினார். அலமாரிக்கு எதிரே வந்ததும் இரண்டு கையையும் தூக்கி இடது மூலையைத் தொட்டார். அங்கே ஒன்றும் இல்லை. விரல்கள் வலப்பக்கம் ஊர்ந்து ஒரு டப்பாவின் கழுத்தைத் தடவின. அடுத்தது. அதற்கடுத்தது. எதிலும் முடிச்சு இல்லை. "இன்னிக்கும் வெட்டிட்டா" என்று முணுமுணுத்தார். ஒரு மூடியைத் திறந்து முகர்ந்தார். இன்னொன்றில் விரலை விட்டு நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார். உப்பு. அதைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தார். நாற்பது வருஷம் ஊசி பிடித்த விரல்கள் பார்க்காமலே கட்டின. ஒன்று. சர்க்கரைக்கு இரண்டு. தேயிலைக்கு மூன்று.

பிறகு திரும்பினார். அக்கா இரண்டடி தூரத்தில் நின்றார். ஜன்னல் வெளிச்சம் முழுக்க அக்காவின் முகத்தில்தான் விழுந்தது. மாட்டிக்கொண்டார், இப்போது திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிக்கப் போகிறார் என்று அக்கா இடுப்பில் கையை வைத்தார். தையல்காரர் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல அடுப்புப் பக்கம் திரும்பி, குமிழ் எங்கே என்று தடவ ஆரம்பித்தார்.

அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"தள்ளிக்கோங்க. நான் பத்த வெக்கிறேன்."

டீப் பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. "யாரு? ... நீயா? எவ்வளவு நேரமா நிக்கிற?"

"நீங்க உப்பை நக்குனதுலேர்ந்து."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது என்றார். கடையை மூடியது கழுத்துவலியால் இல்லை. ஒருவருடைய வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு நூலில் காலர் தைத்துக் கொடுத்துவிட்டாராம், அன்றைக்கே மூடிவிட்டார். ஒன்பது மணிதான் கையைப் பிடித்து ரோடு தாண்டி டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். போன பார்வை வராது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கியவர் இவர்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்னையும் தூக்கி மேல் தட்டுல வெச்சு, சீட்டு ஒட்டிடுவியோன்னு இருந்துச்சு."

"அவளைத் திருடின்னு சொன்னேனே! நடுக்கூடத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க! அப்பவாவது வாயைத் தொறக்க வேண்டாமா?"

"தொறந்திருக்கணும். பயந்துட்டேன். தப்புதான்."

அக்காவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் தன் கையாலேயே தினமும் எதை வெட்டிப் போட்டோம் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. பாத்திரத்தை எடுத்துக் கழுவினார், டீ போட்டார், இரண்டு பேரும் குடித்தார்கள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஒன்பது மணியின் வீட்டுக்குப் போனார்.

அவள் குழாயடியில் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா சொன்னதையெல்லாம் குடம் நிறையும்வரை கேட்டாள்.

"எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம்க்கா. தெருவுல சொன்னீங்கல்ல, அங்க போயிச் சொல்லுங்க."

அக்கா ஒரு துண்டுச் சீட்டில் நான்கு வீட்டையும் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "அவ திருடல. என் புத்திதான் கெட்டுப்போச்சு" என்று சொல்லி, சொன்ன வீட்டைச் சீட்டில் அடித்துக்கொண்டே போனார். மூன்றாவது வீட்டில் ஆள் இல்லை. ஒரு மணி நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஒன்பது மணி ஒன்பதே காலுக்கு வந்தாள். அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அன்று காலை முழுக்க அலமாரி வேலை. பென்சில் வட்டம் போட்ட தாளை அக்கா உருவி எடுத்துச் சுருட்டி எறிந்தார். எந்த டப்பாவுக்கு எத்தனை முடிச்சு என்று தையல்காரர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அக்காவே கட்டினார். மிளகாய்த்தூளுக்கு முடிச்சு பத்தாது, கை பட்டால் எரியும் என்று அதற்கு மட்டும் ஒரு பட்டன் கோத்தார்கள். கட்டி முடித்ததும் தையல்காரர் எழுந்து வந்து வரிசையாகத் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"நீங்க சொன்னா ஆச்சா? ஒரு தடவை நான் சரிபாக்காம விட மாட்டேன்" என்றார் ஸ்டோரக்கா. கூடத்துப் பக்கம் திரும்பி யாராவது கவனிக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்தார். பிறகு அலமாரிக்கு எதிரே நின்று, இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு, கையை நீட்டினார்.