மூடி திறந்த கை

பெயின்ட் பட்டறையின் ஸ்டோர்கீப்பருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். வீட்டுச் சர்க்கரை டப்பாவிலேயே அளவுக்கோடு போட்டு வைக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இப்போது அவர் கண் மனைவியின் தம்பி மேல். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவனுக்கு அதே ஸ்டோரில் வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். பெயின்டை இளக்கும் தின்னரை அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த டிரம்மில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. ஸ்டோர் சாவி இவர்கள் இருவரிடம் மட்டும். இவர் மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்ப்பார். சந்தேகம் தீராமல் மறுபடியும் விடுவார்.

டிரம்மில் ஒட்டியிருந்த ஆங்கிலச் சொல்லை எழுதிவந்து மனைவியிடம் காட்டினார்.

"வாலடைல். சட்டுனு ஆவியாகுறதுன்னு அர்த்தம்," என்றாள் அவள். "மனுஷங்களையும் சொல்வாங்க. இப்ப ஒரு குணம், அடுத்த நிமிஷம் ஒரு குணம். உங்களுக்குப் பொருந்தும்."

"மூடி போட்ட டிரம்முல எப்படி ஆவியாகும்? தம்பிக்கு வக்காலத்து வாங்காத."

மறுநாளே மேலாளரிடம் புகார் கொடுத்தார். விசாரணையில் நிரூபணமானால் மச்சானுக்கு வேலை போய்விடும். தெரிந்துதான் கொடுத்தார்.

அன்று மாலையே இவருக்குக் காய்ச்சல். மூன்று நாள் ஸ்டோர் முழுக்க மச்சான் கையில். இனி டிரம்மே மிஞ்சாது என்று போர்வைக்குள் புலம்பினார்.

நான்காம் நாள் குச்சியை விட்டார். மட்டம் மயிரிழைகூட இறங்கவில்லை. தண்ணீர் ஊற்றி ஏய்க்கிறானோ? உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். ஜில்லென்றது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து காணாமல் போயிற்று. மறுகையில் மூடி இருந்தது. திறந்து திறந்து டிரம்மைக் காலி செய்த திருடன் யாரென்று அப்போதுதான் உறைத்தது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

புகாரைத் திரும்ப வாங்க ஓடினார்.

"புகார் வந்திருக்குன்னு சொன்னேன், அவரே வேலைய விட்டுட்டாரே," என்றார் மேலாளர்.

வாசலில் மச்சான் பையோடு நின்றிருந்தான்.

"தப்பு என்னோடது மச்சான். போகாத."

அவன் பையின் வாயை விரித்துக் காட்டினான். "பாத்துடுங்க அத்தான். இல்லேன்னா உங்களுக்குத் தூக்கம் வராது."

"சேச்சே, வேணாம்," என்றார். சொல்லும்போதே அவர் கண் பைக்குள் போய் வந்தது.

மச்சான் அதைப் பார்த்துவிட்டான். பையை மூடிக்கொண்டு நடந்தான்.