அங்கோர் வாட்டில் அம்சா

உத்திரமேரூர் அம்சா காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் பலமுறை போய்வந்தவர். ஆனால் எந்தக் கோயிலையும் நின்று பார்த்ததில்லை. வாலாஜாபாத் ராஜாராமின் யாத்திரைக் குழுவில் ஆறு வருடமாக அவர்தான் சமையல். மற்றவர்கள் தரிசனத்துக்குப் போகிற நேரத்தில்தான் அவருடைய உலை கொதிக்கும்.

போன தை மாதம் குழு கம்போடியாவுக்குப் போனது. அங்கோர் வாட் கோயிலுக்குக் கிளம்பும் அன்று அம்சா விடியுமுன்பே எழுந்து, புளியோதரை கிளறி முப்பது பொட்டலம் கட்டினார். புடவை மாற்றிக்கொண்டு பேருந்தருகே போய் நின்றார்.

"மத்தியான சாப்பாடு?" என்றார் ராஜாராம்.

"கட்டி வெச்சுட்டேன் சார். இன்னிக்கு நானும் வரேன்."

ராஜாராம் சிரித்துக்கொண்டே ஏறச் சொன்னார்.

அகழியைத் தாண்டி உள்ளே போனால் நீண்ட கல்மண்டபம். சுவர் முழுக்கப் போர். யானையும் தேரும் ஈட்டியுமாக நெரிசல். வழிகாட்டி சொகா ஆங்கிலத்தில் சொன்னது அம்சாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிட்டார். உடம்பெல்லாம் அம்பு தைத்து, அம்புகளின் மேலேயே ஒருவர் படுத்திருந்தார்.

"பீஷ்மரு" என்றார்.

சொகா பேச்சை நிறுத்தித் திரும்பினார். "பீஷ்மா" என்று தலையாட்டினார், முகமெல்லாம் சிரிப்பாக.

அம்சா ஊரில் வருடம் தவறாமல் பாரதக் கூத்து பார்ப்பவர். தேரோட்டியைக் காட்டி "கிருஷ்ணரு" என்றார். சொகா மறுபடி தலையாட்டினார்.

"நீங்களே சொல்லுங்கக்கா" என்றாள் குழுவில் வந்த திவ்யா.

"சாகப்போற நேரத்துல தண்ணி கேட்டாரு. அர்ச்சுனன் தரையில ஒரு அம்பு வுட்டான். கங்கையே பொங்கி வாயில வந்து வுழுந்துச்சு."

முப்பது பேரும் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். அம்சா கைப்பேசியை எடுத்து, வயலில் இருந்த கணவர் சக்திவேலுக்கு வீடியோவில் சுவரைக் காட்டினார்.

"பீஷ்மரு அம்பு மேல பட்த்துக்கினு கீறாரு, பாரு."

"எந்த ஊரு கோயிலு அது?"

"கம்போடியா."

"நம்ம பாரதம் அங்க இன்னா பண்ணுது?" என்றார் சக்திவேல்.

"எனக்கு முன்னாடியே வந்துட்டு கீது."

அடுத்த பக்கத்துச் சுவரில் இலங்கைப் போர் இருப்பதாகத் திவ்யா சொன்னாள். அம்சா அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"அம்சா, பொட்டலம் எடுத்துக் குடும்மா, பசிக்குது" என்று ராஜாராம் கூப்பிட்டார்.

"பையில கீது சார், நீங்களே குடுத்துடுங்க" என்றார் அவர், நடையை நிறுத்தாமல். "நான் அனுமாரைப் பாக்கணும்."