கழுத்துப்பட்டைக்கு ஒரு ஜெபம்

கழுத்துப்பட்டையில்தான் ஆரம்பிப்பார். பாஸ்டரின் வெள்ளை அங்கியை மேசையில் விரித்து, தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுக்கும் முன் கண்ணை மூடிக்கொள்வார். "ஆண்டவரே, ஐயா தொண்டையைப் பாத்துக்குங்க." பிறகு தோள்: "பாரம் தாங்க பெலன் குடுங்க." கைகளுக்கு வரும்போது, "ஆசீர்வதிக்கிற கை, நடுங்காம இருக்கட்டும்." சனிக்கிழமை அவர் கடைக்கு அவசரமாகப் போகிறவர்கள் ஊருக்குப் புதியவர்கள். அங்கி முடியும்வரை வேறு துணி மேசை ஏறாது. "உங்களுக்கே கல்யாணம்னாலும் ஐயாவோடதுக்கு அப்புறம்தான்" என்பார்.

எங்களுக்கெல்லாம் அவர் இஸ்திரி அண்ணன். பாஸ்டரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் கடைக்குள் வெறும் பனியனோடு வேகிற மனிதர், பாஸ்டர் தெருமுனையில் தெரிந்தால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு கழுத்துவரை பொத்தான் போட்டுவிடுவார். பாஸ்டர் கையசைத்துவிட்டுப் போன பிறகுதான் கழற்றுவார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு சொகுசு. ஆலயத்தில் பழைய மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள இடம். யாராவது முந்திக்கொண்டால் பக்கத்தில் நின்று செருமிக்கொண்டே இருப்பார். "வாரம் பூரா சூட்டுல வேகுறேன் தம்பி, இங்கயாவது கொஞ்சம் காத்து வாங்கிக்கறேனே." அவர் மனைவி சொல்வார்: "பரலோகத்துலயும் ஃபேன் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் இவரு உள்ள போவாரு." ஆலயத்து விசிறிகள் எல்லாமே கடகடவென்று போடும் சத்தம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பாஸ்டரின் வெண்கலக் குரலுக்கு அது ஒரு பொருட்டாக இருந்ததே இல்லை.

அந்தக் குரல்தான் போயிற்று. தொண்டையில் கட்டி, அறுவை சிகிச்சை, அதன்பின் வெறும் காற்று. வெளியிலிருந்து யாரோ வந்து பிரசங்கம் செய்தார்கள். அங்கி அலமாரியில் தொங்கியது. சனிக்கிழமை வந்தால் அண்ணன் மட்டும் வழக்கம்போல் பாஸ்டர் வீட்டு வாசலில் நின்றார்.

"போன வாரம் தேய்ச்சது அப்படியே இருக்குண்ணே. போட்டாத்தானே கசங்கும்?" என்றார் பாஸ்டரம்மா.

"துணி கசங்கலம்மா. நாங்கதான் கசங்கிக் கெடக்கோம். குடுங்க."

கழுத்துப்பட்டைக்கு வந்தால் இப்போது நெடுநேரம் கண்ணைத் திறக்க மாட்டார். ஒரு சனிக்கிழமை என் சட்டைகளை வாங்கப் போய் நின்ற நான், ஏனென்று யோசிக்காமலே செருப்பைக் கழற்றிவிட்டேன்.

அன்று சபைச் செயலாளரும் துணி கொண்டுவந்தார். "நாளைக்கு ஐயா ஒரு தடவை பேசிப் பாக்கட்டும்னு கமிட்டியில சொல்லியாச்சு. ஜனங்களுக்குக் கேக்கலைன்னா வேற பாஸ்டர்தான். என்ன பண்றது? அங்கிய பெட்டியில வைக்கிற மாதிரி மடிச்சே குடுத்துடுங்க."

"மடிச்சா முதுகுல கோடு விழும்" என்றார் அண்ணன். "இது தொங்குற துணி."

செயலாளரின் சட்டைகளையும் ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்து அடுக்கினார். அவற்றுக்கும் ஜெபம் உண்டா என்று கேட்டேன். "கொஞ்சம் நீளமாவே பண்ணேன்" என்றார், சிரிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. பாஸ்டர் அந்த அங்கியோடு எழுந்து நின்றார். உதடுகள் அசைந்தன. மைக்கை வாயோடு ஒட்டி வைத்தும் மூச்சுச் சத்தம்தான் வந்தது. அதையும் விசிறிகள் விழுங்கிவிட்டன. மறுபடி முயன்றார். "கேக்கலையே" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். செயலாளர் தலை குனிந்துகொண்டார்.

அண்ணன் எழுந்தார். சுவரோரம் சுவிட்சுகளிடம் போய் முதலில் தன் இடத்துக்கு மேலிருந்த விசிறியை நிறுத்தினார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. யாரும் தடுக்கவில்லை. கடைசி இறக்கையும் ஓய்ந்தபோது ஆலயத்தில் அப்படியொரு அமைதி. கைக்குழந்தைகூட அழவில்லை.

"சமாதானம் உங்களுக்கு உண்டாகட்டும்" என்றார் பாஸ்டர். தேய்ந்த, கரகரத்த, சின்னஞ்சிறு குரல். அது கடைசி வரிசைவரை வந்து சேர்ந்தது.

அண்ணன் திரும்பி வந்து, அசையாத விசிறிக்கு நேர் கீழே தன் இடத்தில் உட்கார்ந்தார். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமல், கழுத்துப் பொத்தான் போட்டபடியே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.