உறுதி முடிஞ்சுது

மெல்பேர்னைத் தாண்டி மலையேறும் சாலையோரம் காரை நிறுத்துகிறோம். பனிச்சறுக்குச் சரிவுக்குப் போகும் பாதை ஞானம் அங்கிளின் மாட்டுப் பண்ணை வழியாகத்தான் போகிறது. யாழ்ப்பாணத்துக்காரர். வருடாவருடம் அவர் மனசு வைத்தால்தான் எல்லோருக்கும் வழி. பண்ணையை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, கடைசியாக ஒருமுறை சறுக்கிவிடலாம் என்று நாங்கள் குடியிருக்கும் கெல்லிவில்லிலிருந்து பிள்ளைகளோடு வந்திருக்கிறோம்.

அங்கிள் கேட்டில் தொங்கிய பழைய பூட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

"விக்கிறது நிஜமா, அங்கிள்?"

"ஓம். உங்கட பாதைக்கும் உறுதி முடிஞ்சுது, பிள்ளை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. "எப்பவும் வழி விடுவேன்னு உறுதியா சொன்னீங்களே! இப்ப முடிஞ்சுதுன்னா?"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "ஐயோ, உறுதி எண்டா காணிக்கு எழுதிறது! நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்?"

"பத்திரமா?"

"அதுதான். ஆர் வாங்கினாலும் சனத்துக்கு வழி விடவேணும் எண்டு எழுதி முடிச்சாச்சு. ஒரு முழ வேலிக்கு வழக்கு வைச்சுக் கோடேறின மனுசன் என்னைப் பெத்த ஐயா. இதைக் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்."

நான் வாய் திறப்பதற்குள் பிள்ளைகள் சறுக்குப் பலகைகளோடு கேட்டைத் தாண்டி ஓடுகிறார்கள். இரவு பெய்த பனி கணுக்கால்வரை புதைகிறது. பழக்கதோஷத்தில் கத்துகிறேன்: "டேய், பத்திரம்!"

பின்னாலிருந்து அங்கிளின் குரல் கேட்கிறது.

"அதைத்தானே பிள்ளை எழுதிப்போட்டன்!"