ஹாரன் அடித்தால் வரும் டீ

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள், இந்த அரபு நாட்டு அஜ்மானில் டீ குடிக்க யாரும் காரைவிட்டு இறங்குவதில்லை. கஃப்டேரியா வாசலில் நிறுத்தி ஒரு ஹாரன் அடித்தால், மலையாளிச் சேட்டன் ஓடிவந்து ஜன்னலில் குனிவார். இரண்டு விரலைக் காட்டினால், ஏலக்காய் போட்டுச் சுண்டக் காய்ச்சிய கரக் டீ இரண்டு வரும். வந்த புதிதில் எனக்குக் கூச்சமாக இருந்தது. நம் ஊர் டீக்கடை முன்னால் இப்படி ஹாரன் அடித்தால் பாய்லர் தண்ணீர்தான் மேலே வந்து விழும். பதினெட்டு வருஷத்தில் கை தானாகப் பழகிவிட்டது. அந்தக் கைதான் ரோமில் எங்களை மாட்டிவிட்டது.

பையன் காலேஜ் போய்விட்ட தைரியத்தில் நானும் என் மனைவி மாலதியும் போன லீவுக்கு ரோம் போயிருந்தோம். முதல் சில நாள் எல்லோரும் பார்ப்பதைப் பார்த்தோம். வரிசையில் நின்றோம், அண்ணாந்தோம், படம் எடுத்தோம். ஒரு நாள் காலையில் மாலதி கிளம்பமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத்தையும் வெளியிலயே நின்னு பார்த்தாச்சுங்க. ஒரு வீட்டுக்குள்ள போய்ப் பார்த்தா தேவலை. இவங்க அடுப்படி எப்படித்தான் இருக்கும்?"

இது ரோமில் முளைத்த ஆசை இல்லை. அஜ்மானில் எங்கள் கட்டடத்துக்கு எதிரே ஓர் அரபு வில்லா. ஒவ்வொரு ரமலானிலும் அந்த வீட்டு டிரைவர் ஒரு தட்டு நிறைய, பேரீச்சம்பாகு ஊற்றிய லுகைமாத் உருண்டைகளைக் கொண்டுவந்து தருவார். வெறும் தட்டைத் திருப்பித் தருவது மாலதிக்கு ஆகாது. முறுக்கு அடுக்கி அதே டிரைவரிடம் கொடுப்பாள். தட்டு போகும், வரும். அந்த வீட்டம்மாவை அவள் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷம் குடியிருந்தும் ஓர் உள்ளூர்க்காரர் வீட்டுப் படி ஏறவில்லையே என்ற குறை அவளுக்கு உண்டு.

அன்று வாடகைக் காரில் கார்பதெல்லா பக்கம் போனோம். டூரிஸ்ட் பஸ் எட்டிப் பார்க்காத பேட்டை. காவி பூசிய பழைய வீடுகள், நடுவில் பொது முற்றம், முற்றம் முழுக்கக் காயும் துணி. ஒரு சின்னக் காப்பிக்கடை தென்பட்டது. நிறுத்தி ஹாரனை அடித்தேன்.

யாரும் வரவில்லை. இன்னொன்று அடித்தேன். மாடி ஜன்னல்கள் திறந்தன. கடைக்காரர் வாசலுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குடிப்பதுபோல் சைகை காட்டி, பக்கத்தில் மாலதியைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. நடக்க முடியாதவர்தானே காருக்குள் இருந்தபடி குடிக்கக் கேட்பார்? அவர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்க, அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் தடதடவென இறங்கி வந்தார். கதவைத் திறந்து மாலதியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "பியானோ, பியானோ", மெதுவாக மெதுவாக என்று சொல்லியபடி, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் மெல்ல அவளை இறக்கினார். நான் விளக்க வாயெடுத்தேன்.

"சும்மா இருங்க. வீட்டுக்குக் கூப்பிடுறாங்க," என்றாள் மாலதி. சொல்லிவிட்டு ஒரு காலை லேசாக இழுத்து நடக்க ஆரம்பித்தாள். நான் காரைப் பூட்டிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

மாடிச் சமையலறையில் அவளை நாற்காலியில் சாய்த்து ஏதோ பூக்கஷாயம் கொடுத்தார் அந்த அம்மாள். சமர்த்தாகக் குடித்தாள். பிறகு அவர் எனக்கும் தனக்குமாகக் காப்பி வைத்தார். நம் ஃபில்டர் மாதிரியே இரண்டு அடுக்குப் பாத்திரம். ஆனால் டிகாக்‌ஷன் கீழே இறங்காமல் மேலே ஏறியது. அதைப் பார்த்ததுதான் தாமதம், மாலதி துள்ளி எழுந்து அடுப்பருகே போய் நின்றுவிட்டாள்.

அம்மாள் அவள் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாலதி நாக்கைக் கடித்துக்கொண்டு கைகூப்பினாள். நான் ஹாரன் அடிப்பதுபோலவும் ஒருவர் டீயோடு ஓடிவருவதுபோலவும் நடித்துக் காட்டி, "அஜ்மான், அஜ்மான்" என்றேன். அம்மாள் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜன்னல் வழியாகக் கடைக்காரரிடம் சொல்ல, தெருவே சிரித்தது. கஷாயம் போய்க் காப்பியும் கேக்கும் வந்தன. மதியம்வரை ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினார். மாலதி தமிழில் கேட்டாள், அவர் இத்தாலியனில் சொன்னார். இருவருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எனக்கு நாளாகியிருந்தது.

இந்த ரமலானிலும் தட்டு வந்தது. ஒரு சாயங்காலம், நோன்பு திறந்தபின் நாங்கள் டீ குடிக்கக் கிளம்பியபோது, முறுக்குத் தட்டோடு காரில் ஏறிய மாலதி வில்லா வாசலில் நிறுத்தச் சொன்னாள்.

"ஹாரன் அடிக்கட்டுமா? இல்ல, காலை இழுத்துக்கிட்டே போறியா?"

"இங்க நேராவே நடந்து போறேன்."

மணியை அடித்தாள். கதவைத் திறந்த வீட்டம்மா முதலில் தட்டை அடையாளம் கண்டார், பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "தஃபத்தலி," என்றார். உள்ளே வா என்று அர்த்தம். மாலதி செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

செருப்பு வெளியே கிடந்தது. நான் காரில் இருந்தேன். இந்த ஊரில் எங்கே நிறுத்தினாலும் கிளம்பத் தயாராக இன்ஜினை ஓடவிட்டே பழகியவன் நான். மூடிய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்ஜினை அணைத்தேன்.