ஷாமீர்பேட் கரையில் தூத்துக்குடி மாப்பிள்ளை

ஹைதராபாத்தில் கடல் இல்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை, தங்கை கணவர் முத்துவேல் தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கும்வரை. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் அவருக்கு பாய்லர் வேலை தயாராக இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தங்கை ரேவதி சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். திரும்பி வரத் துடிக்கிறாள். மாப்பிள்ளையோ வந்த அன்றே எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டார்: நக்கோ. வேண்டாம் என்று அர்த்தம். பிரியாணியைத் தவிர எல்லாவற்றுக்கும் அதையே சொன்னார்.

"கடலைப் பாக்காம ஒரு வாரம் இருந்தா எனக்கு மூச்சு முட்டும், மச்சான்."

ரேவதி போனில் ஒரு வழி சொன்னாள். "எங்கயாவது பெரிய தண்ணியாக் காட்டுண்ணா. கடல்ல கால் வைக்கிறதுக்கு முன்னால தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாரு. குளம், ஆறுக்கெல்லாம் செய்யவே மாட்டாரு. அங்க செஞ்சாருன்னா நான் பெட்டி கட்டிடுவேன்."

ஆக, ஏப்ரல் ஞாயிறு காலை 5.30க்கு லோத்குண்டாவிலிருந்து பைக்கில் கிளம்பினோம். கரீம்நகர் சாலையில் நேராகப் பதினாறு கிலோமீட்டர். ஆறு மணிக்கு ஷாமீர்பேட் ஏரி. வழியில் டீ இரண்டு, முப்பது ரூபாய்.

"குளத்துக்கா கூட்டிட்டு வந்திருக்கிய?" என்றார்.

நிஜாம் காலத்து ஏரி என்பார்கள். கரைக் கல்லைத் தட்டிப் பார்த்தவர், "எங்க பழைய துறைமுகத்துலயும் இப்படித்தான் அடுக்கியிருக்கும்" என்று மட்டும் ஒத்துக்கொண்டார். கோடையில் நீர் இறங்கி, கரைக்குக் கீழே சரளைத் தரை அகலமாகத் திறந்து கிடந்தது. அதில் இறங்கி நடந்தோம். எதிர்க்காற்றில் சின்னச் சின்ன அலைகள் வந்துகொண்டிருந்தன. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். அவர் செருப்பைக்கூட நனைக்கவில்லை.

அப்போதுதான் வந்தது அந்தப் பறவை. மஞ்சள் அலகு, கறுப்புத் தொப்பி. தலைகீழாக நீரில் விழுந்து, வாயில் மீனோடு எழுந்தது.

"ஆலாப் பறவைல்லா இது," என்றார் மாப்பிள்ளை. குரலே மாறிவிட்டது. "இது எங்க ஆளு. இங்க என்ன பண்ணுது?"

இது ஆற்று ஆலா, கடல் ஆலாவுக்குச் சொந்தக்காரன் என்றேன். காதில் வாங்கவே இல்லை. தெர்மோகோல் மிதவையில் வலை இழுத்துக்கொண்டிருந்த மீனவரிடம், ஆலா விழும் இடத்தில்தான் வலை போடுவாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "ஹவ், அண்ணா" என்று சிரித்தார் அவர். ஆமாம் என்று நான் மொழிபெயர்ப்பதற்குள் மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் குஷி தாங்கவில்லை.

இன்னும் நூறு அடி போயிருப்போம். ஒரு ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தத் தொடங்கியது. நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சட்டென்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"காலை வைக்காதிய. முட்டை கெடக்கு."

சரளையோடு சரளையாக நான்கு புள்ளி முட்டைகள். என் பாதத்துக்கு முன்னால் ஒரு சாண்கூட இல்லை. அந்த இடத்தில் தரை குறுகி, ஒரு பக்கம் முள், மறுபக்கம் ஏரி. முட்டையைச் சுற்றிப் போக வேண்டுமானால் தண்ணீரில்தான் இறங்க வேண்டும்.

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றினார். குனிந்தார். நீரைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, பிறகுதான் காலை வைத்தார். செய்தது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. நான் பின்னாலேயே இறங்கி, ரேவதிக்கு இரண்டே சொல் அனுப்பினேன்: "பெட்டி கட்டு."

போக நினைப்பவர்களுக்கு: மொத்த நடை இரண்டு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். கட்டணம் இல்லை. தொப்பியும் குடிநீரும் கொண்டுபோங்கள், எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள். வெயில் காலம் முட்டைக் காலமும்கூட. ஆட்காட்டி கத்தினால் மேலே பார்க்காமல் கீழே பாருங்கள்.

இன்னொரு தகவலும் உண்டு. அந்த ஏரியிலிருந்து ஜீடிமெட்லா சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். திரும்பும்போது பைக்கின் பின்னாலிருந்து மாப்பிள்ளைதான் அந்தத் தூரத்தைக் கேட்டார்.